எட்டில் ஒன்றாக வற்றிய இலை

தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சொல்லச் சொல்லக் கதையும் மாறிப்போகிறது. போன கிழமை ரொறன்ரோ மச்சாளுக்குச் சொல்லும்போது, நான் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்ததாக என் வாயில் வந்துவிட்டது. மூன்று நாள் இல்லை, அரை நாள்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். இனிக் கேட்பவர்கள் வாசித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கம் இதுதான். இந்த மாசி மாதம் நான் சாகப் பார்த்தேன். பிழை என்னுடையது. என்னைக் காப்பாற்றிய மருந்து ஒரு சீன மூலிகையிலிருந்து வந்தது. அதே மூலிகை அதற்கு முன்னமே என் வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இதை நினைக்க இப்போதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரையாவது பிடித்து இருத்திவைத்துச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

நான் இருப்பது புரோசார்டில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிரெஞ்சு பேசும் மாகாணத்தில். வேலை பக்கத்து ஊர் லொங்குய்யில், ஒரு கார்டெரியில். அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே நான் சமையல். என் கணவர் சேவியருக்கு அச்சகத்தில் வேலை. ஒரே மகள் ஷாலினி டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போகிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், ஆனால் தமிழ் நன்றாகத் தெரியும். என் அக்கா ஒரு கன்னியாஸ்திரி, ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் ஒரு மடத்தில் இருக்கிறா. தை மாதம் அவவின் துறவற வாழ்வுக்கு வெள்ளி விழா. எங்கள் குடும்பத்திலிருந்து யாராவது போகவேண்டும் என்று நான் போனேன்.

போகுமுன் மலேரியாவுக்குத் தடுப்புக் குளிசை எடுத்தேன். நாளுக்கு ஒன்று. திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் விடாமல் போடவேண்டும் என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தது, மருந்துக்கடைப் பிள்ளையும் இரண்டுமுறை சொன்னாள். அங்கே நின்ற மூன்று கிழமையும் ஒழுங்காகப் போட்டேன். வெளிக்கிடும் நாளில்தான் எங்கள் ஆட்களின் வழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து புறப்படும்போது பெட்டியில் இருப்பதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருவோமே, அந்த வழக்கம். சவர்க்காரம், துவாய், பாதி முடிந்த நோவெண்ணெய், பனடோல் எல்லாம் கட்டில்மேல் பரப்பி வைத்தேன். மிஞ்சிக் கிடந்த எட்டுத் தடுப்புக் குளிசைகளையும் அதற்குள் வைத்தேன்.

"இதை நீ அங்க போயும் போடவேணுமெல்லோ?" என்று அக்கா கேட்டா.

"அக்கா, நான் போறது பனிக்குள்ள. அங்க எந்த நுளம்பு வந்து கடிக்கப் போகுது? நீங்கள்தான் நுளம்புக்குள்ள கிடக்கிறியள், வைச்சிருங்கோ."

அந்த நேரம் என்னைவிடத் தாராள மனசுள்ளவள் உலகத்தில் இல்லை என்ற நினைப்பு எனக்கு. சின்ன வயதில் திருகோணமலையில் இரண்டுமுறை மலேரியா வந்து எழும்பியவள் நான். அது எனக்குப் பழகின ஆள், இனி என்ன செய்யும் என்ற திமிரும் கூடவே இருந்தது.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. கார்டெரியில் வேலை செய்பவருக்கு மாசி மாதம் காய்ச்சல் வராவிட்டால்தான் அதிசயம். பிள்ளைகள் முகத்துக்கு நேரே இருமும், மூக்கைத் துடைத்த கையால் என் கையைப் பிடிக்கும். அதனால் யாரும் வேறெதையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குளிர் ஏறும்போது இரண்டு போர்வை போதாமல் கணவரின் பனிக்கோட்டையும் போட்டுக்கொண்டு படுத்தேன். பிறகு வியர்த்து எல்லாவற்றையும் உதறினேன்.

நாலாம் நாள் காய்ச்சலில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். வாசலில் இருந்த தாதி, கடந்த பதினாலு நாளுக்குள் நாட்டுக்கு வெளியே போயிருந்தீர்களா என்று கேட்டாள். நான் மனதுக்குள் விரல்விட்டு எண்ணினேன். அன்றைக்குப் பதினைந்தாம் நாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்ற நேர்மையில் "இல்லை" என்றேன். அவள் அதைக் கடதாசியில் எழுதினாள். வைரஸ் காய்ச்சல், தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கவும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஹுவா என்ற சீனப் பெண் இருக்கிறா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவ. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பாதையில் யார் முதலில் பனி வழிப்பது என்று எங்களுக்குள் பத்து வருடப் போட்டி. நான் நாலைந்து நாளாக வெளியே வராததைக் கண்டு கதவைத் தட்டினா. காய்ச்சல் என்றதும் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தா. காய்ந்த இலையும் தண்டும். சீனமொழியில் அதன் பெயர் சிங்ஹாவ் என்றும், தங்கள் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுப்பது என்றும் சொன்னா. ஊறவிட்டு, கடைசியில் ஐந்து நிமிடம் மட்டும் சூடாக்கும்படி பிரெஞ்சில் விரலைக் காட்டிச் சொன்னா.

எங்கள் வீட்டில் யார் அதைக் கேட்டார்கள்? கணவருக்கு மூலிகை என்றால் ஒரே முறைதான் தெரியும். எட்டுக் கோப்பை தண்ணீர் விட்டு, ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சுவது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அப்படித்தான் காய்ச்சித் தந்தார், சீனத்து இலையையும் அப்படியே காய்ச்சினார். இரண்டு மணித்தியாலம் வீடு முழுக்கக் கைச்சல் மணம். மூன்று நாள் குடித்தேன். என் வாழ்க்கையில் அப்படிக் கைப்பான ஒன்றைக் குடித்ததில்லை. இவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, நான் குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

காய்ச்சலின் எட்டாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கடும் தேயிலைச் சாயம். எழும்பி நின்றால் சுவர் சாய்ந்தது. இவர் காரைச் சூடாக்கப் போனார். காரில் ஏறி இருந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை இது:

"இஞ்சருங்கோ, அங்க போய் அந்தச் சீன இலைக் கதையை எடுக்கக் கூடாது. ஹுவாவுக்கு ஏதும் பிரச்சினை வரும். எங்களையும் விசர் எண்டு நினைப்பினம்."

"சரி."

"சரி இல்லை. சொல்ல மாட்டன் எண்டு சத்தியமாச் சொல்லுங்கோ."

"சொல்ல மாட்டன்," என்றார் இவர்.

இதுவும் எங்கள் ஆட்களின் பழக்கம்தான். மருத்துவருக்கு முன்னால் கைமருந்தை மறைப்பது. வேறு ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டால் முழுக் குடும்பமும் ஒரே மூச்சில் இல்லை என்று சொல்லும். பேச்சு வாங்கப் பயம், வெட்கம், நாங்கள் படிக்காத ஆட்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற ரோசம், எல்லாம் சேர்ந்து வருகிற 'இல்லை' அது.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைக் காத்திருக்க விடவில்லை. கண்ணைப் பார்த்ததுமே கட்டிலில் ஏற்றினார்கள். மருத்துவர் ஓர் இளம் பெண், பெயர் மிரெய்ல். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஈரல் கலங்கியிருக்கிறது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய சிறு தட்டுகள் மிகவும் குறைந்திருக்கின்றன, காரணம் தெரியவில்லை என்றா. கிளினிக் கடதாசியில் பயணம் இல்லை என்று என் வாயாலேயே சொன்னது இருந்தது. மருந்து, மூலிகை, வைட்டமின் ஏதாவது எடுத்தீர்களா என்று மருத்துவர் கேட்டா. நான் இல்லை என்றேன். இவரும் தலையை ஆட்டினார். ஷாலினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்னேரம் ஆக எனக்குப் பேச்சுக் குழறத் தொடங்கியது. கண்ணைத் திறக்கப் பாரமாக இருந்தது, ஆனால் காது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவர் ஷாலினியிடம் சொல்லுவதும் கேட்டது. காரணம் தெரியாமல் சிகிச்சை செய்வது கடினம், ஈரலும் சிறுநீரகமும் இப்படியே போனால் நிலைமை மோசமாகலாம் என்று. அப்போதுதான் எனக்குச் சாவுப் பயம் வந்தது. ஷாலினிக்குக் கல்யாணம் இல்லை, இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்று சம்பந்தமில்லாமல் ஓடியது மனம்.

பிறகு இவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. இவருக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு. மருத்துவரைக் கூப்பிட்டார், பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"சொல்லு பிள்ளை. அப்பா பொய் சொன்னவர் எண்டு சொல்லு."

"என்ன அப்பா?"

"அம்மாக்கு ஒரு மூலிகை குடுத்தனாங்கள். மூண்டு நாள் குடுத்தது. இந்தா, இதுதான். நான்தான் காய்ச்சினது. அதாலதான் ஈரல் பழுதாப் போச்சோ எண்டு கேள்."

கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுக்கும் சரசரப்பு எனக்குக் கேட்டது. காலையிலிருந்து அதைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கொடுத்த வாக்கை இந்த மனுஷன் ஒருநாளும் மீறியதில்லை. எழும்பி ஏச வேண்டும்போல் இருந்தது, நாக்கு எழும்பவில்லை.

மருத்துவர் திட்டவில்லை. மெர்சி, நன்றி என்றுதான் சொன்னா. ஆஸ்பத்திரி மருந்தாளரைக் கூப்பிட்டா. பெனுவா என்று பெயர், உயரமான ஒருவர். அவர் பொட்டலத்தை மணந்து பார்த்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த லத்தீன் பெயரை உரத்து வாசித்தார்: ஆர்ட்டெமிசியா அனுவா. பிறகு கேட்ட கேள்விதான் என் உயிர்.

"இதை ஏன் கொடுத்தீர்கள்? மலேரியாவுக்கா?"

ஷாலினி இல்லை என்றாள், சும்மா காய்ச்சலுக்கு என்றாள். பெனுவா விடவில்லை. இந்த இலையிலிருந்துதான் மலேரியாவுக்கு இன்றைக்குள்ள மிகச் சிறந்த மருந்தை எடுக்கிறார்கள், அதனால் கேட்டேன் என்றார். மலேரியா இருக்கும் நாட்டுக்கு உங்கள் அம்மா எப்போதாவது போனாரா?

பிறகு ஷாலினி, பிரெஞ்சை மறந்து தமிழிலேயே சொன்னாள்: "அம்மா போன மாசம் சாம்பியாவில நிண்டவ."

அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பூசிக்கொண்டு போனார்கள். அந்தச் சோதனை அவ்வளவு எளிது: தகட்டில் பூசி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. ஒரு மணித்தியாலத்துக்குள் மருத்துவர் வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தா. மலேரியா. அதிலும் கொல்லக்கூடிய வகை. நூறு சிவப்பணுவை எடுத்தால் அதில் ஏழுக்குள் ஒட்டுண்ணி குடியிருக்கிறது.

என் பிரெஞ்சு கார்டெரிப் பிரெஞ்சு. கை கழுவு, சூப்பைக் குடி, தம்பியைக் கடிக்காதே, இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, மலேரியாவை எனக்குத் தெரியும், அவர் பழைய ஆள் என்று சொல்லிச் சிரித்தேனாம். மருத்துவர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் வந்தது அநேகமாக வேறு வகை, சாதுவானது. அப்படியே இதே வகையாக இருந்தாலும் அந்த எதிர்ப்புச் சக்தி எப்போதோ போய்விட்டது என்றா. நான் விட்டுவந்த குளிசைகளைப் பற்றி மகள் சொன்னபோது பெனுவா கண்ணை மூடித் திறந்தார். நுளம்பு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குள் போய் ஒரு கிழமை ஒளித்திருக்கும், பிறகுதான் இரத்தத்துக்குள் வரும். அந்த ஏழு குளிசைகள் அது வெளியே வரும்போது பிடிப்பதற்கானவை என்றார். வாசலில் நிற்கவேண்டிய காவல்காரனை நான் மடத்துக்குத் தானம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

மருந்தின் பெயர் ஆர்ட்டெசுனேட். ஊசிவழி நாளத்துக்குள் ஏற்றுவது. ஆனால் அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டும். அன்றைக்கென்று பனி கொட்டியது. வேலை விட்டு வருகிற நேரம், பாலம் அடைபட்டுக் கிடந்தது. ஷாலினி கைபேசியில் பாலத்தின் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவர் யன்னலோரம் நின்று கீழே வரும் ஒவ்வொரு வாகனத்தையும் பார்த்தார். எனக்கு இரத்தம் முழுக்கக் கள்ளர், பொலிஸ் பாலத்தில் நிற்கிறது. அந்த இரண்டு மணித்தியாலம்தான் முழு நோயிலும் நீளமானது.

மருந்து வந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு சின்னக் குப்பி, அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். தாதி அதற்குள் ஒரு திரவத்தை விட்டாள், நுரைத்தது, தெளிந்தது. கரைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏற்றினாள். ஏதோ எரியும், நடுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று நினைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன். அந்த அரை நாள்தான் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தது தீவிர சிகிச்சைப் பிரிவில், வெயில் அடிக்கிற காலை. இவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் கேட்டது:

"சொல்லிப்போட்டியள் என்ன?"

இவர் பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினார். சோறு வடிக்கத் தெரியாத மனுஷன் கஞ்சி வைத்திருந்தார், பாதி கட்டி, பாதி தண்ணீர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடித்தேன், ஆனால் முழுவதையும் குடித்தேன்.

அன்றிலிருந்து தொடங்கியது கொண்டாட்டம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தை எடுத்து எண்ணினார்கள். ஏழாக இருந்தது நாலானது. நாலு, மறுமுறை ஒன்றுக்கும் கீழே போனது. ஷாலினி ஒவ்வொரு எண்ணையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். திருகோணமலையில் இருக்கும் என் தம்பி கிரிக்கெட் பைத்தியம். அவன் முதல் நாள் அழுதான், இரண்டாம் நாள் "ஸ்கோர் என்ன?" என்று கேட்கத் தொடங்கினான். "இன்னும் எத்தனை விக்கெட்?" என்று லண்டனிலிருந்து பெரியப்பா மகன். அக்கா சாம்பியாவிலிருந்து, மடத்தில் எல்லாரும் முழந்தாளில் நிற்கிறோம், ஸ்கோர் சொல்லுங்கள் என்று எழுதினா. மூன்றாம் நாள் காலை தாதி வாசலில் நின்றே கையைப் பூச்சியம்போல் வளைத்துக் காட்டினாள். நான் கட்டிலில் எழும்பி இருந்து கைதட்டினேன். பக்கத்துக் கட்டில் ஐயா என்னவென்று தெரியாமலே அவரும் தட்டினார்.

பெனுவாவுக்கு என்னைப் போன்ற நோயாளி கிடைத்திருக்க மாட்டார். உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்து, நாட்டில் நடந்த சண்டையால் பரீட்சை எழுதாமல் விட்டவள் நான். அந்த ஆசை முப்பது வருடம் சமையலறையில் கிடந்தது. அவர் காலையில் வந்தால் விடமாட்டேன், ஷாலினியை நடுவில் இருத்தி மொழிபெயர்க்கச் சொல்லுவேன். அவர் ஒரு கடதாசியில் அந்த மருந்தின் உருவத்தைக் கீறிக் காட்டினார். வளையங்களுக்கு நடுவில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இரும்பு பட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். விட்டால் அந்த இடமே நாசம். ஒட்டுண்ணி என்ன செய்கிறது? எங்கள் சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்னத் தின்ன அதன் வயிற்றில் இரும்பு வெளிப்படுகிறது. அந்த இரும்புதான் மருந்தைக் கொளுத்துகிறது. திருடித் தின்ற சாப்பாடே திருடனைக் கொல்கிறது. இதைக் கேட்டதும் ஊசி குத்தியிருந்த கையை மறந்து ஷாலினியின் தோளில் அடித்துவிட்டேன்.

"அப்ப நான் குடிச்சதும் இதுதானே?" என்று கேட்டேன். "வீட்டில மூண்டு நாள் குடிச்சனே, காய்ச்சல் ஏன் நிக்கேல்லை?"

பெனுவா, எப்படித் தயாரித்தீர்கள் என்று கேட்டார். எட்டுக் கோப்பையை ஒன்றாக வற்றவைத்ததை ஷாலினி சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சேர்மம் சூட்டைத் தாங்காது, தண்ணீரிலும் சரியாகக் கரையாது என்றார். சீனாவில் இந்த இலையை ஆராய்ந்தவர்களுக்கும் முதலில் ஒன்றும் சரிவரவில்லையாம். பிறகு ஒரு பழைய வைத்தியக் குறிப்பில், இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டார்கள். கொதிக்கவைப்பதுதான் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்த பிறகுதான் மருந்து கைக்கு வந்தது. இரண்டு மணித்தியாலம் எங்கள் அடுப்பில் கொதித்ததில் மருந்து போயிருக்கும், கைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஊறவைத்துக் குடித்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டீர்கள், அதை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். இலைக்கு இலை அளவு மாறும். போதாத அளவு போனால் ஒட்டுண்ணி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்; சில நாடுகளில் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எல்லாச் சீன மூலிகையும் நல்லதில்லை, சிறுநீரகத்தை அழித்துவிடுகிற மூலிகையும் உண்டு. ஆனால் சீனத்து மரம் ஒன்றின் பட்டையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வந்திருக்கிறது, எங்கள் ஊர் மயானங்களிலும் வேலிகளிலும் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்தும் வந்திருக்கிறது. இன்னும் பார்க்கப்படாத செடிகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது என்றபோது அந்த மனுஷனின் கண்ணும் மின்னியது. எனக்கு உடனே எழும்பி எங்காவது ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவவாவது போகவேண்டும்போல் இருந்தது.

ஹுவா கோழிச் சூப்போடு வந்தா. தன்னுடைய இலையால்தான் எனக்கு இப்படி ஆனது என்று மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லையாம், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்த இலையால்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஷாலினி சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினா.

"எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தீர்கள்?"

இவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"இரண்டு நிமிடமா?"

"மணித்தியாலம்," என்றார் இவர்.

ஹுவா தன் மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னா. யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஆனால் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினா. இந்த மருந்து ஏற்றியவர்களில் சிலருக்கு, ஒட்டுண்ணி குடியிருந்த சிவப்பணுக்கள் சில கிழமை கழித்து மொத்தமாக உடைந்து விழும். அப்போது இரத்தம் திடீரென்று குறைந்துபோகும். அதனால் நாலு கிழமை, கிழமைக்கு ஒருமுறை சோதனை. முதற்கிழமை நன்றாக இருந்தது. இரண்டாம் கிழமை ஹீமோகுளோபின் விழுந்திருந்தது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, உதடு வெளுத்தது. இன்னும் விழுந்தால் இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். கைதட்டிக் கொண்டாடியவளுக்கு மறுபடியும் அந்தச் சாவுப் பயம் வந்தது. ஷாலினி வகுப்புக்குப் போகாமல் என் தலைமயிரைப் பின்னிவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். தன்பாட்டில் தமிழில் கதைத்தாள். மூன்றாம் கிழமை விழவில்லை, நின்ற இடத்தில் நின்றது.

நாலாம் கிழமை, பங்குனி முடிகிற நேரம், ஏறியிருந்தது. மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினா. "இனி நீங்கள் எனக்கு வேண்டாம்," என்று சிரித்தா. எந்தக் காதல் வசனமும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

வெளியே ரோட்டில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. காரில் வரும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். ஒரு மாதமாக என் நெஞ்சில் கிடந்ததை அப்போது கேட்டேன்.

"எனக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு, பிறகேன் சொன்னனீங்கள்?"

இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

"நீர் செத்துப்போனா, உமக்குக் குடுத்த வாக்கை வைச்சு நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். இவர் காரை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.